முழங்கால் தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் சாருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஏரியில் தெப்பம் விடுவது எப்படி என்று எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டவர் அவர்தான். அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. காட்டில் வழி தவறினால் திரும்புவது எப்படி, மழையில் நெருப்பு மூட்டுவது எப்படி, பாலம் இல்லாத ஆற்றைக் கடப்பது எப்படி என்றெல்லாம் அதில் படம் போட்டிருந்தார்கள். அந்தப் புத்தகம் தந்த உற்சாகத்தில், எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாத விடுமுறையில், உத்திரமேரூரிலிருந்து சில மைல் தள்ளியிருந்த எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு மாந்தோப்பில் எட்டு நாள் முகாம் போட்டார். எங்கள் பக்கத்தில் காடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. தோப்பிலிருந்த பன்னிரண்டு மாமரங்களையே காடாக நினைத்துக்கொள்ளும்படி சார் கேட்டுக்கொண்டார். நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

மொத்தம் மூன்று அணிகள். பையன்கள் புலி அணி, சிங்க அணி. பெண்கள் ஆறு பேரும் மயில் அணி. எனக்கு அப்போது பதினோரு வயது. மயில் அணிக்கு நான்தான் தலைவி ஆவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் விடுமுறைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த என் அத்தை மகளைச் சார் தலைவியாக்கிவிட்டார். அவள் 'யெஸ் சார்' என்று சொன்ன தோரணைதான் காரணம். எங்கள் வாயில் அது 'எச்சார்' என்றுதான் வந்தது.

காட்டில் தனியாகப் பிழைப்பது எப்படி என்று கற்க வந்த பெண்பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே எங்கள் காட்டு வாழ்க்கை காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிந்தது. பையன்கள் மட்டும் கூடாரத்தில் படுத்துக் கொசுக்கடி வாங்கினார்கள். மறுநாள் அந்தத் தழும்புகளைக் காட்டிக் காட்டி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

இரண்டே தீக்குச்சியில் அடுப்பு பற்றவைத்தால் ஒரு பட்டை தருவதாகச் சார் சொன்னார். எங்கள் அணியில் ஐந்து பேர் ஒரே குச்சியில் பற்றவைத்துவிட்டு, மிச்சக் குச்சியை என்ன செய்வது என்று கேட்டோம். ஆறாவது ஆளான தலைவி ஒன்பது குச்சிகளைக் கொளுத்தினாள். முடிச்சு போடும் வகுப்பும் அப்படித்தான் நடந்தது. க்ளோவ் ஹிட்ச் என்று ஒரு முடிச்சைச் சார் அரை மணி நேரம் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக் காட்டினார். அது நாங்கள் மாட்டை முளையில் கட்டுகிற முடிச்சு. புலி அணிப் பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டுக் காட்டினான். சார் முகம் வாடிப்போனது. அந்த வாட்டம் எங்களுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகள் அப்படித்தான், நாங்களும் அதற்கு விலக்கில்லை.

ஆனால் தெப்பம் விஷயத்தில் நாங்கள் யாரும் சாரைக் கேலி செய்யவில்லை. ஏரியில் எருமை குளிப்பாட்டியிருக்கிறோம், மீன் பிடித்திருக்கிறோம். தண்ணீரின்மேல் நாங்களே கட்டிய ஒன்றில் ஏறிப் போனதில்லை. குலை தள்ளி வெட்டிய வாழை மரங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஐந்து தண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, குறுக்கே மூங்கில் குச்சிகளைச் செருகி, தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். துடுப்புக்குத் தென்னை மட்டை. ஊன்றித் தள்ளுவதற்கு ஒரு நீளமான கழி. முதல் தடவை அதன்மேல் ஏறி நின்றபோது உள்ளங்காலில் சில்லென்று தண்ணீர் ஏறியது. தெப்பம் லேசாக அமிழ்ந்து, பிறகு எங்களைத் தாங்கிக்கொண்டது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்னொரு முறை எங்கும் நான் அடையவில்லை.

முகாமின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை தெப்பப் போட்டி. ஏரிக்குள் ஒரு மண்திட்டு உண்டு. அதில் ஒற்றைக் கருவேல மரம். கரையிலிருந்து புறப்பட்டு, அந்த மரத்தில் யார் முதலில் தங்கள் அணிக் கொடியைக் கட்டுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பெற்றோர்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்று சார் சீட்டு எழுதி அனுப்பினார். எங்கள் நைனா அதைப் படித்துவிட்டு, "வர்றேன்னு சொல்லு" என்றார். அதுவரை என் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்டிராத மனிதர். எதற்கும் நாலு வார்த்தைக்குமேல் பேச மாட்டார். அவர் கரைமேல் நின்று பார்க்க நான் தெப்பம் விட வேண்டும். எனக்கு அந்த வாரம் முழுவதும் அதைத் தவிர வேறு ஆசை இல்லை.

இடைஞ்சல் ஒன்றுதான் இருந்தது. ஏரியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. முந்தின ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. அதனால்தான் சித்திரை கடந்தும் ஏரியில் தண்ணீர் நின்றது. அதை நம்பிக் கீழே எல்லோரும் சொர்ணவாரி என்கிற கோடைப் பட்டத்துக்கு நெல் நட்டிருந்தார்கள். ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குப் பங்கிட்டு விடுகிற நீர்கட்டி தினமும் விடியலில் வந்து மதகைத் திறப்பார். நாளுக்கு ஒருவர் முறை. பெரிய கழனிக்காரர்களுக்கு ஒரு பகலும் ஓர் இரவும். சின்னத் துண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பகல் மட்டும்.

கரைக்கும் திட்டுக்கும் நடுவில் சார் ஒரு குச்சி நட்டு, பேனாக்கத்தியால் கோடு கிழித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை அந்த இடத்தில் என் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. புதன்கிழமை தொடையளவு. "முழங்காலுக்குக் கீழ போச்சின்னா தெப்பம் தரை தட்டும். அப்புறம் போட்டி கிடையாது" என்று சார் அறிவித்தார். நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பரவாயில்லை. சனிக்கிழமைக்கு வந்ததும் மடக்கிய விரல் அப்படியே நின்றது. அது எங்கள் முறை. மதகை ஒட்டிய முதல் கழனி எங்களுடையது. பகல், இரவு இரண்டும் சேர்ந்து தண்ணீர் போகும். ஞாயிறு காலையில் அந்தக் குச்சியைச் சுற்றிச் சேறுதான் இருக்கும்.

அன்று மாலையே நைனாவிடம் கேட்டேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"நைனா, சனிக்கெழம நம்ம மொறைய வுட்டுட்டா இன்னா?"

"எதுக்கு?"

"தெப்பத்துக்குத் தண்ணி வோணும்."

"நட்ட பயிரு காயுது. அது ஒன் தெப்பத்துக்காவ நிக்குமா?"

"ஒரே ஒரு வாட்டி, நைனா."

"வெளயாட்டுப் புள்ள. போ, போயி சாப்புடு."

அம்மா தன் பங்குக்கு, "கேம்பு கேம்புன்னு இந்தப் பொண்ணோட ஒரே பேஜாராக் கீது" என்றாள். நைனா சாப்பிட்டு முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே என்று அம்மா கேட்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். நான் கேட்டதில் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். எனக்கும்தான் கோபம். தட்டில் சோற்றை அளைந்துகொண்டே, பயிரைப் பெற்ற மனிதர் என்னை எதற்குப் பெற்றார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியலில் நீர்கட்டி மதகைத் திறந்துவிட்டு வெள்ளை வேட்டியில் தோப்புக்கு வந்தார். மாகறலில் அவர் மச்சானுக்குக் கல்யாணம். "நாளைக்குக் காலையிலதான் வருவேன் சார். பசங்கள மதகாண்ட போவ வுடாதீங்க" என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லாமல் போயிருந்தால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காதோ என்னவோ.

எங்கள் ஊர் மதகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் தலையில் குறுக்காக ஒரு கல். அந்தக் குறுக்குக்கல்லின் துளை வழியாக ஓர் இரும்புக்கம்பி தண்ணீருக்குள் இறங்கும். கம்பியின் அடியில் இருக்கும் மரக்கட்டை, ஏரித் தரையிலுள்ள ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பியைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். தூக்கிய கம்பி இறங்கிவிடாமல் இருக்கத் துளையில் ஓர் ஆப்பை இறுக்கி வைப்பார்கள். தூக்குவதற்குத்தான் ஆள் பலம் வேண்டும். ஆப்பைத் தட்டிவிட்டால் கம்பி தானாக இறங்கிவிடும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பத்து மணி வாக்கில் சார் பையன்களைக் கூட்டிக்கொண்டு தோப்பின் மறுகோடிக்குப் போனார். காலடித் தடம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வகுப்பு. மற்றப் பெண்கள் சமையலில் இருந்தார்கள். நானும் அத்தை மகளும் தெப்பம் பழகப் போவதாகச் சொல்லிவிட்டு ஏரியில் இறங்கினோம். மதகுப் பக்கம் தண்ணீர் ஆழம், எனக்குக் கழுத்துக்கு வரும். கழியை ஊன்றி ஊன்றித் தெப்பத்தை அங்கே கொண்டுபோனேன். திறந்த மதகின்மேல் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. தெப்பம் அந்தச் சுழியை நோக்கித் தானாக இழுபட்டது. அது எவ்வளவு ஆபத்து என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அத்தை மகள் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் எட்டி ஆப்பைக் கருங்கல்லால் நாலு தட்டுத் தட்டினேன். ஐந்தாவது தட்டில் அது தெறித்து விழுந்தது. கம்பி தடதடவென்று இறங்கியது. சுழி அடங்கி, தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் நின்றது.

"ஒங்க நைனா அடிப்பாரா?" என்று அத்தை மகள் கேட்டாள்.

"அடிக்கட்டும். நம்ம கயினித் தண்ணிதானே. ஊரான் ஊட்டுதா?"

அடி வாங்குவதற்கும் தயாராகத்தான் இருந்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீரை நான் நிறுத்துகிறேன், அது எனக்கும் நைனாவுக்கும் நடுவில் உள்ள வழக்கு. அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. கரையேறி நாலு எட்டு நடந்து, எங்கள் கழனியின் மடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை.

மத்தியானம் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாய்க்கால் வரப்போடு ஒரு பெண் வேகமாக வந்தாள். தோளில் மண்வெட்டி. முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கடைக்கழனி அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவள். வாய்க்கால் போய் முடிகிற கடைசி இடத்தில் அவளுக்கு அரை ஏக்கர் குத்தகை நிலம். அவள் புருஷன் செங்கல்பட்டுப் பக்கம் அரிசி மில்லில் வேலை பார்த்தான். பயிரை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள்.

"சார், நீர்கட்டி கீறாரா?" என்று தோப்புக்குள் நுழையும்போதே கேட்டாள்.

"கல்யாணத்துக்குப் போயிருக்காரும்மா. ஏன்?"

"தண்ணி நின்னு பூட்டுச்சி. பத்து மணிக்குத்தான் என் மடைக்கு வந்து எட்டிப் பாத்துது. ரெண்டு பாத்தி கூட நனையல, அதுக்குள்ள நின்னுடுச்சி. வழியெல்லாம் ஒடப்பு கீதான்னு பாத்துக்கினே வர்றேன். ஒண்ணுமில்ல. மதுகுதான் அடைச்சிக் கீது." மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இன்னிக்கி ஒங்க மொறதானே? ஒங்க நைனாதானே எங்கிட்ட வந்து கேட்டு மாத்திக்கினாரு? 'நீ சனிக்கெழம எடுத்துக்கோ, ஒன் திங்கக்கெழமைய எனக்குக் குடு'ன்னாரே. இப்ப அவரே வந்து அடைச்சிட்டாரா? நட்டுப் பத்து நாளு ஆன பயிரும்மா. கயினி வெடிச்சிக்கினு கீது. இன்னும் ரெண்டு நாளு தாங்காது. பெரிய கயினிக்காரங்கன்னா வாக்கு மாறலாமா? நேரா வூட்டுக்கே போயிக் கேக்கறேன்."

கையிலெடுத்த சோற்றைத் திரும்ப வைத்தேன். எதிரே அத்தை மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சும்மா இருந்திருக்கலாம். அக்கா எங்கள் வீட்டுக்குப் போவாள், நைனாவைத் தெருவில் நிறுத்திக் கேட்பாள், அவர் ஒன்றும் புரியாமல் நிற்பார். நான் அடைத்தேன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நைனா வாக்கு மாறினார் என்று ஒருத்தி சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்மேல் மூன்று நாளாக எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மற்றவர்கள் காதில் விழாத தூரத்துக்குக் கூட்டிப் போனேன்.

"நைனா இல்லக்கா. நான்தான் ஆப்பத் தட்டிட்டேன். எங்க தண்ணின்னு நெனச்சி..." அழுதுவிட்டேன்.

அவள் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அதன் பிடிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஏரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குடி?" என்று கேட்டாள். தெப்பத்துக்கு என்று சொன்னேன். கேட்க எவ்வளவு அற்பமாக இருந்தது என்று சொல்லும்போதே தெரிந்தது.

"சரி, அழுவாத. அழுதா மதுகு தொறக்குமா? வா, தூக்கலாம்."

சாரிடம் போய், "ஆப்பு நவுந்துக்கிச்சி சார். பசங்களக் கொஞ்சம் வுடுங்க, கம்பியத் தூக்கணும்" என்று சொல்லிவிட்டாள். என்னை எதற்குக் காப்பாற்றினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது, அப்படியே காலம் போய்விட்டது.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் குறுக்குக்கல்மேல் ஏறினாள். கம்பியின் தலையில் இருந்த வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. எங்கள் தெப்பத்தில் நானும் புலி அணிப் பையன்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து இழுத்தோம். தெப்பம்தான் அமிழ்ந்ததே தவிரக் கம்பி வரவில்லை. நீர்கட்டி ஒருவர் தனியாக மூச்சுப் பிடித்துத் தூக்கும் கம்பி அது. ஊருக்குள் போய் ஆம்பளைகளைக் கூட்டி வரலாம் என்றால் பாதிப்பேர் மாகறல் கல்யாணத்தில் இருந்தார்கள்.

அப்போது கரைமேல் நின்றிருந்த டிரில் சார் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். தண்ணீருக்குள் அவர் இறங்கவில்லை, இறங்கவும் மாட்டார். ஆனால் ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விசிலை எடுத்து நீளமாக ஊதினார். "கூடாரத்துச் சவுக்குக் கழியைப் பிடுங்கிக்கிட்டு வாங்கடா! பெருசா ஒண்ணு!" என்றார். குறுக்குக்கல்லின்மேல், கம்பிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கட்டையை வைக்கச் சொன்னார். அதன்மேல் கழியைப் படுக்கப் போட்டு, கழியின் ஒரு முனையை வளையத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். நீளமான மறுமுனை கரையைப் பார்க்க நீட்டிக்கொண்டிருந்தது. "க்ளோவ் ஹிட்ச்! க்ளோவ் ஹிட்ச் போடுங்க!" என்று கத்தினார். அக்காவுக்கு அவர் என்ன கத்துகிறார் என்றே புரியவில்லை. அவள் பாட்டுக்கு மாட்டைக் கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சைப் போட்டாள். சார் மிகவும் திருப்தியோடு தலையாட்டினார்.

மறுமுனையில் கயிறு கட்டி, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று அணியும் சேர்ந்து கீழ்நோக்கி இழுத்தோம். புலியும் சிங்கமும் மயிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தோம். முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் கழி முனகியது. மூன்றாவதில் கம்பி விருட்டென்று மேலே வந்தது. நாங்கள் அத்தனை பேரும் தண்ணீருக்குள் உட்கார்ந்தோம். அக்கா ஆப்பை வைத்து அடித்தாள். தூணுக்குக் கீழே மறுபடி சுழி கிளம்பியது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விழும் ஓசை கேட்டதும் பையன்கள் ஓவென்று கத்தினார்கள். கரைமேல் சார் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

அக்கா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வாய்க்கா மறுபடி காஞ்சி பூட்டுச்சி. தண்ணி கடைக்கு வந்து சேர பொழுது சாஞ்சிடும். ராவெல்லாம் ஓடுனாத்தான் என் கயினி நனையும். காலையில நீர்கட்டி வந்து அடைச்சிக்கட்டும்" என்றாள். போகும்போது என் ஈரத் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கிற குட்டுத்தான். அதை வாங்கிக்கொண்டதும் எனக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

இந்தக் கதையை நான் பல பேருக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். நைனாவின் முறை ஒரு பகலும் ஓர் இரவும். அக்காவின் முறை ஒரு பகல் மட்டும். சனிக்கிழமையை அவளுக்குக் கொடுத்தால் பொழுது சாயும்போது அவளே ஆப்பைத் தட்டி மதகை அடைத்துவிடுவாள். ஏரியில் ஓர் இரவுத் தண்ணீர் மிஞ்சும். அப்படி மிஞ்சியிருந்தால் ஞாயிறு காலையில் குச்சிக்கு அருகில் முழங்காலளவு நின்றிருக்கும். புதன்கிழமை சாப்பிட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நைனா எங்கே போனார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பயிரை வெயிலில் இரண்டு நாள் காத்திருக்க வைத்து அவர் சேர்த்துக் கொடுத்த அந்த ஓர் இரவுத் தண்ணீரைத்தான் நான் ஆப்பைத் தட்டி வாய்க்காலில் விட்டிருக்கிறேன். அவசரமாக ஊருக்குப் போன் போட்டேன். வயதான காலத்திலும் நைனா நாலு வார்த்தைக்காரர்தான். "தண்ணி மாத்திக்கிறது எல்லாரும் பண்றதுதான். அன்னிக்கி இன்னாவோ வேல இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, பேரப்பிள்ளைக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குச்சியைச் சுற்றிக் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. சார் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பெற்றோர்கள் எல்லோரும் குடையும் துண்டுமாக வந்து கரையில் நின்றுவிட்டார்கள். நேற்று மதகைத் திறந்த பிள்ளைகளை இன்று திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. விசிலை ஊதிவிட்டார்.

மூன்று தெப்பங்களும் கரையை விட்டு ஜோராகப் புறப்பட்டன. சிங்க அணி கனத்த பையன்கள், முதலில் அவர்கள்தான் தரை தட்டினார்கள். அடுத்தது புலி. அத்தை மகள் மட்டையால் தண்ணீரை அடித்த அடியில் நாங்கள் இன்னும் கொஞ்ச தூரம் போனோம். திட்டுக்கு முப்பதடி இருக்கும்போது எங்கள் தெப்பமும் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நான் குதித்தேன். முழங்கால் வரை சேறு. ஆறு பேரும் இறங்கித் தெப்பத்தைத் தள்ளினோம், இழுத்தோம், விழுந்தோம், எழுந்தோம். தெப்பத்தில் போவதற்குப் பதிலாகத் தெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவது போட்டியில் சேருமா என்று சார் புத்தகத்தில் தேடினார். அதைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை. அதற்குள் நான் மரத்தில் ஏறிவிட்டேன்.

தூரத்தில், கடைக்கோடியில் கடைக்கழனி அக்காவின் நிலம் தண்ணீரில் பளபளத்தது. அதைப் பார்த்து என் மனசு நிறைந்தது உண்மை. கொடியைக் கட்டிவிட்டு எங்கள் கரையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாகூடக் கையைத் தூக்கிக் காட்டினாள். நைனா மட்டும் தட்டவில்லை. கல்யாணத்திலிருந்து திரும்பி வந்திருந்த நீர்கட்டியிடம் என்னவோ கேட்டார். அவர் கையை விரித்தார். நைனா என் பக்கம் பார்க்கவே இல்லை. தண்ணீர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கிடந்த சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளைக்கு எங்கள் கழனிக்குத் தண்ணீர் பற்றுமா என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்தேன். மகள் தெப்பம் விடுகிற நாளில்கூட இந்த மனிதருக்குப் பயிரைத் தவிர வேறு நினைப்பே கிடையாதா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவருக்குத் தெரியட்டும் என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.